குப்பை லாரியின் மூன்றாவது கியர்

அவருக்குப் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது ஓட்டுநர் உரிமத்திலும் மின்கட்டண ரசீதிலும் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. லாரிப் பட்டறைகள் வரிசையாக நிற்கும் அந்த நீளத் தெருவில் அவருக்கு வாசலின் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள், ஆள் வழவழவென்று பேசுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். வந்து பார்த்தால் பேச்சே வராது. எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. நேரமிருந்தால் இன்னொரு 'ம்'.

பெயர் வந்த காரணம் வேறு. அவர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரிக்கிற மெக்கானிக். அந்தப் பெட்டிக்குள் தாள் மாதிரி மெல்லிய வாஷர்களும் பட்டாணி அளவுக்கு எஃகுக் குண்டுகளும் இருக்கும். பூட்டும்போது லேசாகச் சாய்த்தால் போதும், வழுக்கி எங்காவது போய் ஒளிந்துகொள்ளும். எதையாவது தடவி ஒட்டவைத்துத்தான் பூட்ட வேண்டும். கிரீஸ் தடவினால் அது கரையாமல் எண்ணெய் போகிற சந்துகளில் அடைத்துக்கொள்ளும். வாசலின் தடவினால் எண்ணெய் சூடானதும் கரைந்து காணாமல் போய்விடும். ஆகவே அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வாசலின் டப்பா. எந்தச் சட்டையை எடுத்தாலும் பை இருக்கிற இடத்தில் வட்டமாக ஒரு கறை. துவைத்துத் துவைத்து அலுத்துப்போன மனைவி, இப்போதெல்லாம் கறை இல்லாத சட்டையைப் பார்த்தால் இது யாருடையது என்று கேட்கிறாள்.

பட்டறை அவருக்கும் அவர் மச்சானுக்கும் பொதுவானது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆனால் அந்த உறவு பின்னால் வந்ததுதான். இருவரும் மீசை அரும்பிய வயதில் ஒரே பஸ் டிப்போவில், வண்டிக்கு அடியில் ஒரே குழிக்குள் நின்று வேலை கற்றவர்கள். எல்லா நண்பர்களையும் போல ஒருவரையொருவர் சும்மா மச்சான், மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அது நிஜமாகிவிட்டது. நண்பனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையை வாசலின் கட்டிக்கொண்டார். மச்சான் கல்யாணம் காட்சி என்று எதிலும் சிக்கவில்லை. பட்டறைக்கு மேலே ஒரே ஓர் அறையில் குடியிருந்தார்; சாப்பாடு மட்டும் தங்கை வீட்டில். தங்கை பட்டறையின் முன்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து உதிரி பாகங்கள் விற்றாள். எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அது உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்டால் மட்டும், "அது அவங்க ரெண்டு பேரு பாடு" என்பாள்.

பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. பிரித்த கைதான் பூட்ட வேண்டும். ஒருவர் கழற்றிய கியர்பாக்ஸை இன்னொருவர் தொடக் கூடாது. காரணம் உண்டு. கழற்றுகிறபோது எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எது தேய்ந்திருந்தது என்பதெல்லாம் கழற்றினவர் கண்ணில்தான் இருக்கும். அதோடு இருவரும் சாமான்களை மேசையில் பரப்புகிற முறையே வேறு. வாசலின் முதலில் கழன்றதை இடது கோடியில் வைத்து வலது பக்கமாகப் போவார். மச்சான் வலது கோடியில் ஆரம்பித்து இடது பக்கம் வருவார். "உனக்கு எல்லாமே தலைகீழ்" என்று இவரும், "உனக்குக் கண்ணாடியில பாத்தா எல்லாம் சரியா இருக்கும்" என்று அவரும் வருஷக்கணக்கில் கேலி பேசிக்கொண்டு இருந்தார்கள்.

அந்தப் பேச்சுதான் ஒருநாள் நின்றுபோனது.

ஒரு கிரேன் லாரியின் கியர்பாக்ஸை மச்சான் பூட்டி முடித்திருந்தார். லாரிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேசையைத் துடைக்கப் போன வாசலின் கண்ணில் ஓர் எஃகுக் குண்டு பட்டது. குண்டு ஒன்று வெளியே மிச்சம் இருந்தால் உள்ளே ஒன்று இல்லை என்று அர்த்தம். எப்போதும் வாய் திறக்காத மனிதர் அன்று பார்த்துத் திறந்தார். "கண்ண எங்க வச்சிக்கிட்டு பூட்டின? இதுகூடத் தெரியலன்னா எதுக்கு இந்த வேலைக்கு வர்ற?" வெளியாள் முன்னால், அதுவும் சத்தமாக. மச்சான் பூட்டியதை மறுபடி பிரித்தார். ஒருநாள் முழுக்க வேலை. உள்ளே எல்லாக் குண்டுகளும் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. மிச்சமிருந்த குண்டு வாசலினின் சட்டைப்பை டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டு அந்த மேசைக்கு வந்தது. முந்தின வாரம் வேறொரு வண்டியில் மாற்றிய பழைய குண்டு.

அப்போது வாசலின் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரி, விடு" என்றார். விடு என்று சொல்ல வேண்டியவர் யார், சொன்னவர் யார் பாருங்கள். அடிபட்டவன் சொல்ல வேண்டிய பெருந்தன்மையை அடித்தவனே எடுத்துச் சொல்லிவிட்டால் அடிபட்டவனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? மச்சான் அன்றிலிருந்து அவரிடம் பேசவில்லை. வாசலினும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதல்ல என்பதால், ஆரம்பத்தில் பாதிப் பேருக்கு இது சண்டை என்றே தெரியவில்லை.

ஆனால் பட்டறை ஓட வேண்டுமே. எல்லாம் நடுவில் இருப்பவள் தலையில் விடிந்தது.

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கன்னு உங்க அண்ணன்கிட்ட கேளு" என்பார் வாசலின். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். அவள் தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பாள்: "அண்ணே, பதினேழு எங்கன்னு கேக்குறாரு."

"உன் வீட்டுக்காரர் காலுக்குக் கீழதான் கெடக்குன்னு சொல்லு."

"உங்க காலுக்குக் கீழதான் கெடக்காம்."

வாசலின் குனிந்து எடுத்துக்கொள்வார். கேட்டதும் சொன்னதும் மூன்று பேர் காதிலும் ஏற்கெனவே விழுந்தவைதான். ஆனாலும் அவள் வழியாக வந்தால்தான் செல்லும். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று அது நீண்டுகொண்டே போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. மாலையில் வீடு திரும்பும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொன்னாள். "அண்ணன் போறாராம். வேற ஊர்ல ஒரு பஸ் கம்பெனியில கேட்டாங்களாம். வர்ற ஒண்ணாம் தேதி சேர்றதா வாக்கு குடுத்துட்டாராம்."

"ம்" என்றார் வாசலின்.

"என்ன ம்? நான் என்ன நாளைக்கு மழை வரும்னா சொன்னேன்?"

அவர் அதற்குமேல் சாப்பிடவில்லை. அந்த 'ம்'முக்குப் பின்னால் மனிதர் உள்ளுக்குள் அப்படியே உட்கார்ந்துபோனார். மச்சான் இல்லாத பட்டறையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பேசாத மச்சான் என்றாலும் பக்கத்தில் நிற்கிற மச்சான். தினமும் காலையில் ஷட்டர் தூக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். டீ வருவதற்குள் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவார். டீ வரும், போகும். சொல்லாமலே ஷட்டரை இறக்குவார்.

இந்த நிலைமையில்தான் குப்பை லாரி வந்து சேர்ந்தது.

நகராட்சிக் குப்பை லாரி. வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிற வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர் வசதிதான். கிளட்ச் மிதித்து மிதித்து ஓட்டுநர் முழங்கால் போகாது. அதற்குப் பதிலாக கியர்பாக்ஸ் போகும். ஓட்டுநர் கலகலப்பான ஆள். "என் வண்டியப் பாத்தா ஊரே ஒதுங்கி நிக்குது. மந்திரி கார் வந்தாகூட இந்த மரியாதை கெடையாது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். முதல் கியர், இரண்டாம் கியர் சரியாக விழுகிறது. மூன்றாவதற்கு மாறும்போது என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, மேட்டில் பின்னுக்கே வருகிறது என்றார். மச்சான் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி மூக்கருகே வைத்தார். குப்பை நாற்றத்தையும் மீறிக் கருகல் வாடை அடித்தது. பெட்டிக்குள்ளே மூன்றாம் கியரைப் பிடிக்கிற கிளட்ச் தட்டுகள் எரிந்துபோயிருந்தன. உள்ளே இருப்பதை மாற்றாமல் முடியாது.

அது மச்சான் முறை. அவரே பெட்டியை இறக்கினார், அவரே பிரித்தார். வாசலின் பக்கத்து மேசையில் வேறு வேலையில் இருந்தார். மதியத்துக்கு மேல் மச்சான் அடிக்கடி நிமிர்ந்து வயிற்றின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். ஒருமுறை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடி நின்றதையும் பார்த்தார். என்ன ஆச்சு என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்பதற்கு நடுவில் ஆள் வேண்டுமே? தடுப்புக்குப் பின்னால் அவள் இல்லை, பாகம் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். அவள் வரட்டும் என்று வாசலின் தன் வேலையைப் பார்த்தார். அவள் வருவதற்குள் மச்சான் மாடிக்குப் போய்விட்டார்.

காலையில் அண்ணன் சாப்பிட வரவில்லையே என்று மாடியேறிப் போன தங்கை, அவர் சுருண்டு கிடப்பதைப் பார்த்து அலறினாள். குடல்வால் அழற்சி. மருத்துவமனையில் உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதை, அவள் பட்டறைக்கு வந்து வாசலினிடம் அப்படியே சொன்னாள். அவர் கையில் இருந்த துணியைக் கீழே போட்டார். அதை எடுக்கக் குனியவும் இல்லை.

நேற்று அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். இதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இத்தனை மாதமாகப் பேசாமல் இருந்ததற்கு ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சமாதானம் சொல்வது?

மச்சான் நலமாகத்தான் இருந்தார்; சில நாள் படுக்கையில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குப்பை லாரி காத்திருக்காது. தெருமுனைகளில் மூட்டைகள் சேர ஆரம்பித்தன. ஓட்டுநர் காலையிலும் மாலையிலும் வந்து நின்றார். "அண்ணே, எங்க மேலதிகாரி திட்டுறது இருக்கட்டும். என் வீட்டுக்காரியே என்னை உள்ள விட மாட்டேங்குறா. தெருவே நாறுது, நீ வண்டியோட வான்னு சொல்றா" என்றார். வேறு வழியில்லை. பிரித்த கை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. பூட்ட இருப்பது இந்தக் கைதான்.

வாசலின் மச்சானின் மேசைக்குப் போனார். மேலே மூடியிருந்த துணியை எடுத்தார். இனி எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துப் பார்த்துப் பூட்ட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வலது கோடியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலது கோடியில் இருந்தது கடைசியாகக் கழல வேண்டிய சாமான். முதலில் கழல்வது இடது கோடியில் இருந்தது. வாஷர்கள், வளையங்கள், டிரம், தட்டுகள் எல்லாம் இடமிருந்து வலமாக, அவர் பரப்புகிற மாதிரியே. மேல்பக்கம் எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு கோடுகூடப் போட்டிருந்தது. மச்சான் தனக்காக இப்படிப் பரப்பமாட்டார். வலி வந்தபோதே, இதைத் தன்னால் பூட்ட முடியாது, யார் பூட்டப்போகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், பேச்சுவார்த்தையே இல்லாத மாப்பிள்ளைக்குக் கஷ்டம் வேண்டாம் என்று, பழகாத பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

வாசலின் அந்த மேசை முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அழுதார் என்று சொன்னால் அவர் சண்டைக்கு வருவார். மூக்கை உறிஞ்சினார் என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு வேலையைத் தொடங்கினார். எரிந்த தட்டுகளை ஒதுக்கிவிட்டு அவை உட்காரும் டிரம்முக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தட்டுகளை அழுத்துகிற பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. அது சூட்டில் இறுகி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. எண்ணெய் அந்த வழியாகக் கசிந்ததால் பிஸ்டனுக்கு அழுத்தம் போதவில்லை. தட்டுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடிக்காமல் உரசி உரசி எரிந்திருக்கின்றன. தட்டை மட்டும் மாற்றினால் புதுசும் எரியும். புதுத் தட்டுகளை ஓர் அகலப் பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். காய்ந்த தட்டைப் பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். பாத்திரம் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. அது இனி வீட்டுக்குத் திரும்பாது என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது வாசலின் குரல் கொடுத்தார். "இரு. உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சீலோட உதடு எந்தப் பக்கம் பாத்திருக்கணும்னு கேட்டுட்டு வா." சீலின் வளைந்த விளிம்புக்குப் பட்டறையில் உதடு என்று பெயர்.

வார்டில் நோயாளிகளும் பார்க்க வந்தவர்களுமாகக் கூட்டம். அவள் கட்டிலருகே நின்று, மறந்துவிடக் கூடாதே என்று உரக்கவே கேட்டாள். "அண்ணே, உதடு எந்தப் பக்கம் பாத்திருக்கணும்னு கேக்குறாரு." பக்கத்துக் கட்டில்காரர் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மச்சான் தங்கையைப் பார்த்தார். பிறகு, "எண்ணெய் வர்ற பக்கம்னு சொல்லு" என்றார்.

திரும்பி வந்து சொன்னாள். மறுநாள் கிளம்பும்போது வாசலினுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. தட்டுகளை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டுமாம். அவள் கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"உங்களுக்கு இது தெரியாதா?"

அவர் எண்ணெயில் ஊறிய தட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டார்.

"இத்தனை வருஷமா என் பாத்திரத்தையெல்லாம் தூக்கிட்டு வந்து ஊறவைக்கிறது யாரு, பக்கத்துத் தெரு ஆளா? அந்தச் சீலும் உங்களுக்குத் தெரியும். நேத்தே எனக்குச் சந்தேகம். எங்க அண்ணனும் சிரிக்காம சிரிச்சாரு. அவருக்கு வலி எப்படி இருக்குன்னு கேக்கணும், அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குங்க சீலயும் தட்டையும் இழுக்குறீங்க?"

"கேட்டா என்ன சொல்லுவாரோ..."

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டாத்தான தெரியும்." அவள் கைப்பையை மறுபடி தோளில் மாட்டினாள். "நான் இனிமே இந்தத் தூது வேலைக்கு வர மாட்டேன். ஒரு பக்கம் கூடப் பொறந்தவரு, ஒரு பக்கம் கட்டிக்கிட்டவரு. நடுவுல நான் என்ன ஃபோன் கம்பியா? ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் நீங்க யாருக்குச் சொல்லி அனுப்புவீங்க?"

அவள் போன பிறகு வாசலின் டிரம்மைக் கையில் எடுத்தார். சீலைப் பொருத்தினார். எண்ணெய் வருகிற பக்கம் பார்த்துத்தான். பிஸ்டனை இறக்கி, ஸ்பிரிங்கை அழுத்தி வளையம் போட்டு, எஃகுத் தட்டு ஒன்று, ஊறிய தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினார். எண்ணெய்த் துளையில் காற்றுக் குழாயை வைத்து அடித்துப் பார்த்தார். பிஸ்டன் டப்பென்று தட்டுகளைப் பிடித்தது. கசிவு இல்லை. டப்பாவைத் திறந்து வாஷர்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பூட்டினார். அன்றும் அடுத்த நாளும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்த மாதிரி தெரியவில்லை. ஓட்டுநரே சட்டையைக் கழற்றிவிட்டு வந்து கூடமாட உதவினார். இருவருமாகப் பெட்டியை ஜாக்கியில் ஏற்றி வண்டியில் மாட்டினார்கள். புது எண்ணெய் ஊற்றினார்கள். நின்ற இடத்தில் எல்லா கியரும் சரியாகவே விழுந்தது. ஆனால் இந்த வியாதி மேட்டில்தான் தெரியும். அதுவும் மூன்றாம் கியரில்.

அன்று காலைதான் மச்சானை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். மருத்துவமனைக்குப் பின்னால் நல்ல மேடு ஒன்று இருந்தது.

"மேடு ஏத்திப் பாக்கணும்னா அங்கயே போவோம்ணே. அப்படியே உங்க மச்சானையும் கூட்டிட்டு வந்துரலாம்" என்றார் ஓட்டுநர். வாசலின் 'ம்' போடுவதற்குள் வண்டி தெருவுக்கு வந்துவிட்டது.

மருத்துவமனை வாசலில் குப்பை லாரி வந்து நின்றதைப் பார்த்துக் காவலாளி, "பின்பக்கம் போங்க, குப்பை அங்கதான்" என்று கை காட்டினார். "நாங்க ஆள் ஏத்த வந்திருக்கோம்" என்றார் ஓட்டுநர். வாசற்படியில் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மச்சான் லாரியைப் பார்த்தார். அதிலிருந்து இறங்கிய வாசலினைப் பார்த்தார். வாசலின் அவர் முழங்கையைத் தாங்கி மேலே ஏற்றிவிட்டார். பேசாமல்தான். ஓட்டுநருக்குப் பக்கத்தில் வாசலின், அடுத்து அவள், ஜன்னலோரம் மச்சான் என்று நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மச்சான் சட்டைக்கு மேலாகத் தையல் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

வண்டி மேட்டுக்குத் திரும்பியது. முதல் கியர். இரண்டாம் கியர் மாறியபோது வண்டி லேசாக அசைந்தது. வாசலின் என்ஜின் சத்தத்தைக் கேட்கவில்லை. தலையை முன்னால் நீட்டி மச்சானின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னதாக ஒரு குலுக்கல் வந்தாலும் அந்தக் கை வயிற்றை இறுக்கிப் பிடிக்கும். பாதி மேடு வந்தது. கை அப்படியே கிடந்தது.

"மூணாவது எப்ப விழும்?" என்றார் வாசலின்.

"விழுந்து அரை ஃபர்லாங் ஆச்சுண்ணே" என்றார் ஓட்டுநர்.

வாசலின் மூச்சு விட்டார். பிறகு, பழக்க தோஷம், மனைவி பக்கம் திரும்பினார். "தையல் இழுக்குதான்னு உங்க அண்ணன்கிட்ட..."

அவள் நேரே சாலையைப் பார்த்தபடி, "எனக்குக் காது கேக்கல" என்றாள்.

ஓட்டுநர் வாயை மூடிக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார் வாசலின். "வலிக்குதா?"

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "இல்ல."

"அன்னைக்கு வயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னல்ல. நான் பாத்தேன். பாத்தும் கேக்கல. அந்தக் குண்டு விஷயத்துல தப்பு என்னோடது, அதுக்கு நான் வாயத் தொறந்து சொல்லல. சொல்லாம சொல்லாம, நீ செத்துட்டு இருக்கும்போதுகூட என்னன்னு கேக்காத ஆளா ஆயிட்டேன். உனக்கு ஏதாவது ஆயிருந்தா..." அதற்குமேல் வரவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சிரு மச்சான்."

வண்டி மேட்டின் உச்சிக்கு வந்து சமதரையில் ஓடியது.

"நீ பாத்தத நானும் பாத்தேன்" என்றார் மச்சான், மெதுவாக. "நீ கேப்பேன்னு நெனச்சேன். கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

வாசலின் தலை குனிந்தார். அதைவிட ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

"ஒண்ணாம் தேதி போறதுல மாத்தமில்ல. வாக்கு குடுத்தாச்சு."

"தெரியும்."

"உன் மேல கோவத்துல போறேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காத. முடிவு பண்ணும்போது கோவம்தான். இப்ப இல்ல. ஆனா போயித்தான் ஆகணும்."

"போயிட்டு வா" என்றார் வாசலின். இதை ஆறு மாதம் முன்னால் பேசியிருந்தால் இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியே வந்திருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

மச்சான் தலையை இருக்கையில் சாய்த்துக்கொண்டார். "ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு. அது வரைக்கும் ஏதாவது பேசிட்டே இரு மாப்ள. சீல் எப்படிக் கிழிஞ்சிருந்துச்சு, அதச் சொல்லு மொதல்ல."

வாசலின் சொன்னார். சீல் எந்த இடத்தில் கிழிந்திருந்தது, விரல் வைத்ததும் எப்படித் தெரிந்தது, காற்று அடித்தபோது என்ன சத்தம் வந்தது, சமையலறைப் பாத்திரத்துக்கு என்ன கதி ஆனது. மச்சான் நடுநடுவே கேள்வி கேட்டார். ஓரிடத்தில் சிரிப்பு வந்து, "ஐயோ, தையல் இழுக்குது" என்றார். இறக்கத்தில் வண்டி இறங்கி, பட்டறைத் தெருவுக்குத் திரும்பி, மூட்டைகள் குவிந்து கிடந்த முனைகளைத் தாண்டிப் போன பிறகும் பேச்சு நிற்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கத்திலிருந்தும் வார்த்தைகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைக்கூட அவள் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.